பத்தே மிதி

பிரிஸ்கில்லா,

மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சாப்பிடு. பிரேக் ஆயில் வாங்க உத்திரமேரூர் போகிறேன்.

நேற்று காருக்கு அடியில் படுத்துக்கொண்டு "மிதி, மிதி" என்று கத்தியது தப்புதான். ஆனால் "நான் இன்னா மாடா?" என்று நீ காலை எடுத்தாய் பார், அங்கேதான் சிக்கல். பழைய காருக்குப் புது டிஸ்க் பிரேக் போட்டாலும், ஆயில் குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை விடத் திறந்த திருகாணியை நான் மூடும் முன் நீ காலை எடுத்ததால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். கார் இருந்தும் கூரத்துக்கு நாம் பஸ்ஸில் போனால் ஊரே சிரிக்கும். சாயந்திரம் பத்தே மிதி மிதித்துவிடு.

ஆல்பர்ட்

காலையில் உங்க அம்மாவைக் கேட்டுப் பார்த்தேன். பெடலில் கால் வைத்ததும் அத்தை கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்துவிட்டார். ஆமென் வரும்வரை நான் கீழேயே கிடந்தேன். நீயே வா.