கிளிசரால் தட்டு

மார்ச் 4, திங்கள்

லேபில் கரைசல்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஓயும் கடைசி விநாடிகளில் இன்றும் அந்த முனகல். அக்காவின் பாப்பாவுக்கு அழக்கூடத் தெம்பிருக்கவில்லை, இப்படித்தான் முனகும். அது போய் ஒரு வருடமாகிறது. மெஷினுக்கு வயசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை.

மார்ச் 6, புதன்

அக்கா மறுபடி உண்டாகியிருக்கிறாள். பாப்பாவிடம் இருந்த அதே மரபணு மாற்றம் இந்தக் கருவிலும் இருக்கிறதாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். "இது கெட்டதா, சாதுவானதான்னு யாருக்கும் தெரியாது. இதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்ல."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாற்றம் இருப்பது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உட்காரும் ஒரு புரதத்தில். என் பிழைப்பே அதுதானே – ஈஸ்டிலிருந்து அந்த ரைபோசோமைப் பிரித்து, அதில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது. ஈஸ்டுக்கென்று சில உண்டு, மனிதனுக்கென்று சில. இந்தப் புரதம் இரண்டுக்கும் பொது.

"உன் ஈஸ்ட்ல வச்சுப் பார்த்துச் சொல்லேன்டி," என்றாள் அக்கா. "நீ சொன்னா நம்புவேன்."

மார்ச் 7, வியாழன்

ஃப்ரீசரில் அந்தப் புரதத்தை நீக்கிய ஈஸ்ட் தயாராகவே இருக்கிறது. பாப்பாவின் மாற்றத்தோடு புரதத்தைத் திருப்பி வைத்தால் போதும். பிறகு கிளிசரால் தட்டு. சர்க்கரை கொடுத்தால் ஈஸ்ட் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். வெறும் கிளிசரால் என்றால் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்தே தீரவேண்டும். வளர்ந்தால் மாற்றம் சாது. வளராவிட்டால் –

பேராசிரியரிடம் மூச்சுவிடவில்லை.

மார்ச் 22, வெள்ளி

தட்டுகளைச் சூட்டறையில் வைத்தாயிற்று. அந்த அறையின் வாசனை பாப்பாவின் உச்சந்தலை வாசனை. உள்ளே நிற்க முடியவில்லை.

மார்ச் 27, புதன்

வளரவில்லை. ஒரு பாதியில் சாதாரண ஈஸ்ட் அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. பாப்பாவின் பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஒரு வருடமாக யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தவித்தேன். இன்று தெரிந்துவிட்டது, அந்த மாற்றத்தின்மேல். சந்தோஷம்போல ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது – சீ.

உடனே போன் செய்தேன். "வளரலக்கா." அவள் அழவில்லை. "சரிடி," என்றாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கலைத்தாகிவிட்டது. "நீ மட்டும் சொல்லலன்னா, இதையும் பெத்து மறுபடி அதே கொடுமையைப் பார்த்திருப்பேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா.

ஏப்ரல் 4, வியாழன்

ரேடியோ லீவு முடிந்து வந்தாள். பக்கத்து மேஜைக்காரி, வாய் ஓயாது என்பதால் நாங்கள் வைத்த பெயர். தட்டைப் பார்த்தாள்.

"ஃப்ரீசர்ல இருந்த ஈஸ்டை அப்படியே எடுத்தியா?"

"ஆமா."

"அதுல மாற்றமில்லாத நல்ல புரதத்தையும் திருப்பி வச்சுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. பக்கத்தில் சாதாரண ஈஸ்ட் வளர்ந்ததே, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். ரேடியோ தட்டை மெல்ல என் பக்கம் தள்ளிவைத்தாள்.

முதல் வருட மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான். இந்தப் புரதம் இல்லாமல் அந்த ரைபோசோம் கெட்டுக் கிடந்தால், ஈஸ்ட் நாளடைவில் தன் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவையே தொலைத்துவிடும். தொலைத்தபின் எதை வைத்தாலும் கிளிசராலில் எழாது. நல்ல புரதம் வைத்திருந்தாலும் அந்தப் பாதி காலியாகத்தான் கிடந்திருக்கும். எப்படி மறந்தேன்? எப்படிடி மறந்தே, பாவி?

ஏப்ரல் 5, வெள்ளி

இன்னும் எதுவும் நிச்சயமில்லை. மாற்றம் கெட்டதாகவே இருக்கலாம். கெட்டதாகவே இருக்கட்டும். – நான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன்?

மே 6, திங்கள்

நல்ல ஈஸ்டில் முதலிலிருந்து செய்தேன். மாற்றத்தோடு புரதத்தை வைத்தபிறகுதான் அதன் சொந்தப் புரதத்தை நீக்கினேன். வளர்ந்திருக்கிறது. ரைபோசோமைப் பிரித்தும் பார்த்தாயிற்று; அந்தப் புரதம் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. மற்றவையும் குறையில்லை.

அப்படியானால் பாப்பாவைக் கொன்றது எது?

"ஈஸ்ட் வேற, மனுஷன் வேறடி. இத வச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது," என்றாள் ரேடியோ. ஆறுதலுக்குத்தான் சொல்கிறாள். அன்றைக்கு அக்காவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.

சென்ட்ரிஃபியூஜ் ஓயும்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முனகல் இல்லை. பயமாக இருக்கிறது.

மே 11, சனி

சொல்லிவிட்டேன். போனில் சொல்ல நா எழவில்லை. அக்காவை லேபுக்கே வரச் சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"காட்டு," என்றாள்.

வளர்ந்திருந்த புதுத் தட்டை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூடியின் மேலேயே ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

"நல்லா கொழுகொழுன்னு வளர்ந்திருக்குல்ல?"

தட்டைத் திருப்பித் தரவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். லேபிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. நான் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.