என்னைப் பற்றி நீ சொன்ன நல்ல வார்த்தைகள்

விடுதி, மாடி அறை
ஜூலை 6

அன்புக் கோட்டானுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்கவே பயமா இருக்கு. போன் நம்பரையும் மாத்திட்டே. விடுதிக் காப்பாளர் அம்மாகிட்ட கெஞ்சிக் கூத்தாடித்தான் உன் வீட்டு விலாசத்தை வாங்கினேன். ரெண்டரை வருஷமா ஒரே அறையில இருந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போறவ உண்டாடி? நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள உன் கட்டில் வெறும் பலகையா கிடந்தது.

வகுப்பே உன்னைப் பத்தித்தான் பேசுது. "அவளுக்கு நாம என்ன குறை வச்சோம்"னு கேப்டன் ரொம்ப வருத்தப்பட்டான். சோடாபுட்டி ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நுழைவாயில்ல உன் படம் அப்படியேதான் இருக்கு. வெள்ளைக் கோட்டு, கையில ஆட்டுக்குட்டி, கீழே 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு'ன்னு கொட்டை எழுத்து. தினமும் அதைத் தாண்டித்தான் கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கு.

வகுப்புத் தோழர்களைப் பத்திப் பேசச் சொல்லி அரங்கத்துல கூட்டம் வச்சாங்களே, அதுல நான் உன்னைப் பத்திப் பேசினப்ப எவ்வளவு கைதட்டல்! துறைத் தலைவரே எழுந்து வந்து பாராட்டினார். மறுநாள் காலையில நீ இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல. உடம்பு சரியில்லையா? வீட்டுல கல்யாணப் பேச்சா?

மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்தை யாருக்கும் தர மாட்டேன்னு தலைவர் சொல்லியிருக்கார். கோபம் இருந்தா வந்து என்னைத் திட்டு. ஆனா வா.

உன்னோட பேசிப் பேசியே உன் காதைத் தேய்ச்ச
வானொலி

---

வீட்டிலிருந்து
ஜூலை 14

அன்புள்ள வானொலிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா அதை வாங்கி, கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "உன் சிநேகிதி எழுதறதும் பேசற மாதிரியேதான் இருக்கு" என்றாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்யாணப் பேச்சும் இல்லை. சொல்லாமல் வந்தது தவறுதான். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் தங்கியிருப்பேன்.

கூட்டத்தில் நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். தைரியசாலி. கபடமில்லாதவள். ஆடு மேய்க்கிற சனத்திலிருந்து முதன்முதலாக வந்தவள். எங்களோடு அனுசரித்துப் போகிறவள். நம் வகுப்புக்கே பெருமை. அத்தனையும் மனசார சொன்னாய், எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் அந்தச் செவலைப் பசு வந்தது. கன்று வெளியே வர முடியாமல் தவித்தது. என் முறை வந்தபோது கையை விட்டுப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் தட்டுப்பட்டன, தலை தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே போனதும் காது கையில் பட்டது. தலை இடப்பக்கமாக மடங்கியிருந்தது. "சார், தலை திரும்பியிருக்கு, கயிறு போட்டு இழுக்கக் கூடாது. உள்ளே தள்ளித் தலையை நேராக்கணும்" என்றேன். பேராசிரியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுக்கச் சொன்னார், இழுத்தார்கள். வெகுநேரம் கழித்துக் கேப்டன் கையை விட்டுப் பார்த்து, தலை திரும்பியிருக்கிறது என்றான். "சரியாச் சொன்னே" என்று அவன் முதுகில் தட்டினார். பசு பிழைத்தது. கன்று செத்துத்தான் வந்தது.

நான் சொன்னது உனக்குக் கேட்டது. என் பக்கத்தில்தான் சோப்புத் தண்ணீர் வாளியோடு நின்றிருந்தாய்.

கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நீ அதைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொன்ன நல்ல வார்த்தைகளில் எனக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று. என் அப்பா மின்சார வேலை செய்கிறவர். தாத்தா காலத்திலேயே நாங்கள் மந்தையை விட்டாயிற்று. அந்தப் படத்துக்கு முன்னால் நான் ஆட்டுக்குட்டியைத் தூக்கியதே இல்லை. அது என் கோட்டை நனைத்துவிட்டது, அதனால்தான் படத்தில் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கும்ல" என்று நீகூடச் சொல்லியிருக்கிறாய். என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, வானொலி. உன்னைப் போலத்தான் நானும் விழுந்து விழுந்து படித்தேன்.

அன்புடன்,
கோட்டான்

---

விடுதி
ஜூலை 27

கோட்டான்,

முதல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் முன்னால இவ்வளவு புகழ்ந்ததும் குற்றமான்னு நினைச்சேன். கிழிச்சுப் போடற மாதிரி ஒரு பதில்கூட எழுதினேன், அனுப்பல.

நேத்து அந்தப் பேராசிரியரோட வகுப்பு. பாடம் முடிஞ்சதும் எழுந்து நின்னேன். செவலைப் பசுவுக்கு என்ன கோளாறுன்னு முதல்ல சொன்னது நீதான், என் காதால கேட்டேன்னு சொன்னேன். பேராசிரியர், அந்தச் சத்தத்துல யார் என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லிட்டு வெளியே போயிட்டார்.

அப்புறம் யாரும் எழுந்து போகல. ஒவ்வொருத்தரா பேச ஆரம்பிச்சாங்க. ஏதாவது தப்பா சொல்லி உன் மனசு புண்படுமோன்னு பயந்தே உன்கிட்ட அதிகம் பேசலைன்னு சோடாபுட்டி சொன்னா. நீதான் எங்களோட ஒட்டலைன்னு ஒருத்தி சண்டைக்கு வந்தா. எங்க படத்தையெல்லாம் யாரு வாசல்ல மாட்டினாங்கன்னு ஒருத்தன் எரிஞ்சு விழுந்தான். நம்ம திக்குவாய்ப் பையன் இருக்கானே, அவன் பேசி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. "நான் பேசினா எல்லாரும் பொறுமையா இருப்பீங்க. முடிச்சா கை தட்டுவீங்க. என்ன சொன்னேன்னு யாரும் கேட்டதில்ல." இந்தத் தடவை யாரும் கை தட்டல.

கேப்டன் கடைசியில என் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். "அவ சொன்னது என் காதுல விழுந்துச்சு. இவளுக்கு எங்க தெரியப் போகுதுன்னு நினைச்சுட்டேன்"னான். தலையைத் தூக்கவே இல்ல.

அன்னைக்கு நானும் அப்படித்தான் நினைச்சேனா? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். இல்லைன்னு சத்தியம் பண்ண எனக்கு வாய் வரல.

படத்தை எடுக்கச் சொல்லி அலுவலகத்துக்குப் போனேன். புது மாணவர் சேர்க்கை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. திரும்பத் திரும்பப் போவேன்.

நீ வர வேண்டாம்னா சொல்லு, நான் அங்க வரேன்.

உன்
வானொலி

---

ஆகஸ்ட் 19

அன்புள்ள வானொலிக்கு,

நீ எழுந்து நின்றாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். அந்தப் பேராசிரியரின் கையில்தான் உன் மதிப்பெண் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? இதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அங்கே திரும்பி வர மாட்டேன். வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மூன்றாம் வருடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு வருடம் போகிறதே என்று அப்பா முனகினார். பிறகு அவரே இங்கே வந்து என் விடுதி அறையில் விளக்கு மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே சின்ன வகுப்பு. யார் என்ன சனம் என்று இன்னும் யாரும் என்னைக் கேட்கவில்லை. நாளைக்கே கேட்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு கழுதையைப் பரிசோதித்தோம். நொண்டுவதற்குக் காரணம் குளம்பு என்றேன். பக்கத்தில் இருந்தவள், "இல்ல, நீ சொல்றது தப்பு, தோள்பட்டையைப் பாரு" என்றாள். இரண்டு பேரும் விடவில்லை. கழுதைக்கே அலுத்துப்போகும் அளவுக்கு வாதாடினோம். கடைசியில் தோள்பட்டைதான். தோற்றுப்போய் அறைக்கு வந்த எனக்கு ஏனோ மனசு நிறைந்திருந்தது.

படுத்துக்கொண்டு நம் அறையை நினைத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் நீ தூங்க மாட்டாய். என் துணியையும் சேர்த்துத் துவைப்பாய். யாராவது என்னைக் கேலி செய்தால் பாய்ந்து விழுவாய். இவ்வளவு காலத்தில் ஒரு நாள்கூட, நீ சொல்வது தப்பு என்று என்னிடம் சொன்னதில்லை. அன்பினால்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த அன்பில் எனக்கு மூச்சு முட்டியது.

இப்போது என்னைப் பார்க்க வராதே. நீ அழுதால் நான் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவேன். இப்போதைக்கு அது என்னால் முடியாது.

எழுது. நான் இங்கே எழுதியதில் எது தப்பென்று பட்டாலும், தயங்காமல் அதை எழுது.

கோட்டான்