எனக்கு வந்தது சிலி

பிப். 8, ஞாயிறு

காலையில் பனி. எதிர்வீட்டு மாடுகூடத் தெரியவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று.

வேலைகள்: ரேஷன் அரிசி. மகள் தாரணியின் ஆதார் ஜெராக்ஸ் (பத்தாவது பரீட்சைக்கு ஸ்கூலில் கேட்கிறார்கள், மூன்றாவது தடவை). யூனிபார்மில் பட்டன். ந.டீ. கொடுத்த சிலி, இரண்டு பக்கம்.

ந.டீ. என்றால் நஸ்ரின் டீச்சர். முழுசாக எழுதினால் கை வலிக்கிறது, இனி இப்படித்தான். அவளுக்கு இருபத்தேழு வயது, எனக்கு முப்பத்தொன்பது. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் சாயங்காலம் இங்கிலீஷ் கிளாஸ். மொத்தம் ஐந்து பேர். போன வாரம் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு நாடு கொடுத்தாள். எனக்கு வந்தது சிலி. அப்படி ஒரு நாடு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லோரிடமும் "சும்மா கத்துக்கறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நோட்டிலாவது உண்மை எழுதுகிறேன். பயத்தில்தான் போகிறேன். செய்யாறு ஷூ கம்பெனியில் எங்கள் தையல் லைன் ஏப்ரலில் ஓசூருக்குப் போகிறது. லைனோடு ஆட்களும். அங்கே ஹாஸ்டல், மாதத்துக்கு ஒரு தடவை வீடு. இங்கேயே இருக்க ஒரே வழி, புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ட்ரெய்னர் வேலை. இரண்டே இடம். ஒடிசா, பீகார், அசாம் என்று பெண்கள் வரப்போகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. அதனால் இங்கிலீஷில் பேசத் தெரிந்திருக்க வேண்டுமாம். 18ஆம் தேதி இன்டர்வியூ. வேலையை விட்டுவிடலாம் என்றால், ஒரே தறியை நம்பி வீடு ஓடாது.

இவரிடம் காலையில்தான் விவரமாகச் சொன்னேன். தறியில் உட்கார்ந்து அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கெடைச்சா பாரு. இல்லாங்காட்டி போயிட்டு வா. இன்னா இப்போ?"

தலையைத் தூக்கவே இல்லை. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இதுதான் பதில். பற்றிக்கொண்டு வந்தது. சாம்பாரில் உப்பு அதிகம், வேண்டுமென்றேதான்.

பிப். 10, செவ்வாய்

ஆறு மணி ஷிப்டு. இரண்டுக்கு விட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் தூங்கி, எங்கள் ஊர் சேவூரைத் தாண்டிவிட்டேன். நடந்து திரும்பினேன்.

கிளாஸ். ந.டீ. கிராமர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. உலக வரைபடம் ஒன்று சுவரில் தொங்குகிறது. அந்த நாடு எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார், ஆறு எது, மலை எது, யார் வந்து பிடித்தான், எப்படித் துரத்தினார்கள், என்ன சாப்பிடுகிறார்கள். இவ்வளவையும் எழுந்து நின்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் வரட்டுமாம்.

"ஏன் டீச்சர், என் பேரு இது, என் ஊரு இதுன்னு சொல்லிக்குடுக்கக் கூடாதா?"

"அக்கா, நம்மளப் பத்திப் பேசச் சொன்னா வெக்கம் வந்து வாயைக் கட்டிடும். அடுத்தவங்க வீட்டுக் கதைன்னா? நைட்டி மேல துண்டு போட்டுகினு தெருவுல நின்னு பேசுவீங்கல்ல, அந்த மாதிரி பேசுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. யாராவது என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்களோ.

ரைஸ் மில் சூப்பர்வைசர் தேவராஜ் அண்ணனுக்கு எகிப்து. ராஜாக்கள், கோபுரங்கள் எதுவும் அவருக்கு வேண்டாம். "நைல் கரையில நெல்லு போடறாங்களா மேடம்?" என்று ஒரே கேள்வி. போடுகிறார்கள் என்று ந.டீ. போனில் பார்த்துச் சொன்னதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் கடகடவென்று பத்து வாக்கியம் பேசினார். பாதிக்குமேல் 'பேடி, பேடி' (நெல்லைத்தான்) என்றுதான் வந்தது, ஆனாலும் பேசினார்.

என் சிலி: நீளமோ நீளம், அகலம் கொஞ்சம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மேலே பாலைவனம், சில இடங்களில் வருஷக்கணக்காக மழையே கிடையாது. கீழே பனி. செம்பு கிடைக்கிறது. பூகம்பம் அடிக்கடி. ஸ்பெயின்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

நான் பேசியது மூன்று வாக்கியம். மூன்றாவது பாதியில் நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

பிப். 13, வெள்ளி

பனி குறைந்திருக்கிறது. தொண்டை கரகரப்பு. மிளகு ரசம்.

பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சிலி சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுப் பெண்: "இன்னாக்கா, ஏதுனா விரதமா? மந்திரம் சொல்லிகினு வரீங்க?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வகையில் அதுவும் சரிதான்.

கேன்டீனில் காதில் விழுந்தது: "ஓசூர்ல குளுரு அதிகமாம், ஸ்வெட்டர் வாங்கணும்." பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

தாரணிக்கு ஜூன் வந்தால் பதினொன்றாம் வகுப்பு. எந்தக் குரூப் எடுப்பது என்று இரண்டு நாளாகக் குழப்பம். என்னைக் கேட்காமல் அவள் எதையும் முடிவு செய்ததில்லை. ஓசூரிலிருந்து போனில் சொல்வதா? இவர் வாயைத் திறக்கிறாரா? இல்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறார், தறி மிதிக்கிறார். நான் போனாலும் இதே மாதிரிதான் இருப்பார்போல. நினைத்தாலே ஆத்திரம்.

பிப். 16, திங்கள்

மானம் போனது. பிறகு வந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

இன்று போர்டில் அவரவர் நாட்டை வரைந்து விளக்க வேண்டும். ஞாயிறு முழுக்க பழகியிருந்தேன். தாரணியின் அட்லாஸைப் பார்த்து, தறிப் பெட்டியில் கிடந்த கிராஃப் தாளில் நாலு தடவை வரைந்தேன். கட்டம் எண்ணி, கோடு பிசகாமல். போர்டில் தாளைப் பார்க்காமலே போட்டேன். நானே அசந்துபோனேன், அவ்வளவு அழகு.

தேவராஜ் அண்ணன் சுவர் வரைபடத்தைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "இன்னாமா இது, கடலைத் தூக்கி இந்தாண்ட வெச்சுட்ட?"

கடல் கிழக்கே. மலை மேற்கே. மொத்த சிலியும் வலது இடது மாறி நிற்கிறது. நாலு தடவையும் அப்படித்தான் வரைந்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. ஒருத்தன் கெக்கெக்கே என்று சிரித்தான். அப்படியே படியிறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது.

ந.டீ. மட்டும் சிரிக்கவில்லை. "எப்படிக்கா இப்படி வரும்? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

எப்படி என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. எங்கள் தறியில் புடவை கவிழ்ந்துதான் வளரும். நல்ல பக்கம் கீழே, பின்பக்கம் மேலே. நெய்கிற ஆள் அடியில் கண்ணாடி வைத்துத்தான் நல்ல பக்கத்தைப் பார்ப்பார். அதனால் புடவையில் கிளி வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் கிராஃபில் இடப்பக்கம் பார்க்கிற மாதிரி போட வேண்டும். கம்பெனிக்குப் போகும்வரை இவருக்கு டிசைன் கிராஃப் போட்டது நான்தான். கிராஃப் தாளைக் கண்டதும் கை தானாகத் திருப்பிவிட்டது.

இதைச் சொல்ல ஆரம்பித்தேன். 'சாரி பேக் சைடு அப். ஃப்ரன்ட் சைடு டவுன். அண்டர், ஒன் மிர்ரர்.' புரியவில்லை என்றார்கள். ந.டீ.யின் துப்பட்டாவைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்துப் போட்டு, ஹேண்ட்பேக் கண்ணாடியை அடியில் வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னேன். கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னேன். சிரித்தவனே எழுந்து வந்து குனிந்து பார்த்தான்.

முடித்தபோது ந.டீ. போனைக் காட்டினாள். பன்னிரண்டு நிமிஷம். ஒரு தமிழ் வார்த்தைகூட வரவில்லையாம்.

"அக்கா, இப்போ யாரு பேசினது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் நானே எனக்கு ஒரு பால்கோவா வாங்கித் தின்றேன்.

பிப். 17, செவ்வாய்

நாளை. புடவையா சுடிதாரா? புடவை. நீலம்.

இவர்: "காலைல பஸ் ஸ்டாப்புக்கு சைக்கிளா, நடையா?" அவ்வளவுதான் விசாரணை.

பிப். 18, புதன்

ஆபீஸ் அறை ஏசி. பல் கிட்டியது. எச்.ஆர். மேடம் ஒருவர், சென்னையிலிருந்து வந்த மேனேஜர் ஒருவர்.

முதல் கேள்வியே உன்னைப் பற்றிச் சொல். ந.டீ. சொன்னது அப்படியே நடந்தது. வாய் கட்டிப்போனது. மேசைமேல் ஒரு பேனா, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் வாட்சைப் பார்த்தார். ஓசூர், ஸ்வெட்டர், ஹாஸ்டல் கட்டில், எல்லாம் கண்ணுக்குள் ஓடின.

என்ன தோன்றியதோ, என்னையே ஒரு நாடு என்று வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். இங்கிலீஷில் சொன்னதன் தமிழ்: "என் நாடு சேவூர். பக்கத்து நாடு ஆரணி. ஆறு, கமண்டல நாகநதி. தண்ணீர் எப்போதாவது. விளைவது நெல்லும் பட்டுப்புடவையும். முதலில் நவாப் ஆண்டார். பிறகு வெள்ளைக்காரன். பிறகு என் மாமியார். இப்போது ஆறு வருஷமாகக் குடியரசு."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "ஜனாதிபதி யார்?"

"என் மகள், சார். நான் பிரதமர். வேலை எல்லாம் பிரதமருக்கு."

அதன் பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நேற்று சேர்ந்த ஒடிசாப் பெண் ஒருத்தியை உள்ளே கூப்பிட்டு, மெஷினில் ஊசி மாற்றக் கற்றுக்கொடு என்றார்கள். மெதுவாகச் சொன்னேன், செய்து காட்டினேன். அவளையே திரும்பச் சொல்ல வைத்தேன். இரண்டாவது தடவை தானே மாட்டிவிட்டாள்.

முடிவு வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். தலைவலி. இவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பிப். 20, வெள்ளி

கிடைத்தது. கிடைத்தது. கிடைத்தது.

லைனில் இருந்தபோதே மேடம் வந்து சொன்னார். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். ஜெனரல் ஷிப்டு, எட்டரைக்கு பஸ். ஓசூர் இல்லை! ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. பஸ் ஜன்னலோரம், நல்ல காற்று, வழியெல்லாம் பச்சை வயல். இத்தனை நாள் இதைப் பார்க்கவே இல்லை.

ந.டீ.க்கு போன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "கிளாஸை நிறுத்திடாதீங்கக்கா, அடுத்து உங்களுக்கு மங்கோலியா!"

தாரணி கட்டிக்கொண்டாள். இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். ஒரே சரி. எழுந்து தறிக்குப் போய்விட்டார். போகட்டும், இன்றைக்குச் சண்டை போட மனசில்லை.

பிப். 22, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. கால் கிலோ கறி அதிகமாகவே வாங்கினேன். இவர் முடிவெட்டப் போனார், அவர் போன் சார்ஜில்.

போன் அடித்தது. எடுத்தேன்.

"ஏழுமலைங்களா?"

"அவர் வீட்டுக்காரி பேசறேன். நீங்க?"

"ஓசூர்லருந்துமா. செக்யூரிட்டி வேலை கேட்டு வெச்சிருந்தாரே, இந்த மாசத்துல நாலு தபா போன் பண்ணிட்டாரு. பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சதும் குடும்பமா வந்துடறோம், அங்கயே ஸ்கூலும் பாக்கணும், வீடும் பாத்துக் குடுங்கன்னாரு. வீடு ஒண்ணு அமைஞ்சிருக்குது. சொல்லிடட்டுமா?"

தன் தறியில் அடுத்த ஆளை உட்காரக்கூட விடமாட்டார். தொப்பி போட்டுக்கொண்டு, யாரோ ஒருவனின் கேட்டில் நின்று சல்யூட் அடிக்கத் தயாராக இருந்திருக்கிறார்.

"ஹலோ? ஹலோ?"

"வேணாங்க. நாங்க யாருமே வரல."

வாசலில் செருப்புச் சத்தம். முடிவெட்டி, பவுடர் வாசனையோடு வந்தார். போன் என் கையில் இருப்பதைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாயில இன்னா கொழக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நீ பாஸ் பண்ணுவியா மாட்டியான்னு நான் கவலப்படறது தெரிஞ்சா, உனுக்கு இன்னும் பேஜாரு." தரையைப் பார்த்துச் சொன்னார். "அதுவுமில்லாம, நீ இல்லாம இங்க நான் இன்னா பண்றது?"

திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். அவரும் அழுதார், புது கிராப்போடு பார்க்கச் சகிக்கவில்லை.

தாரணி கணக்கு நோட்டோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாமா? யாரு செத்தாங்க?"

"யாரும் சாவல. கொழம்பு அடிபிடிக்குது, போய்க் கிண்டு."