பொட்டு வைத்த பாஸ்போர்ட்

இன்று காலை பயணப் பைலைத் தேடி அலுமாரியைத் திறந்தேன். மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். பொங்கல் கழித்து வரச் சொல்கிறாள். பைலின் அடியில் என் பழைய பாஸ்போர்ட் கிடந்தது. திறந்ததும் சந்தன வாசம். இத்தனை வருடம் கழித்தும் வாசம் நிற்குமா, அல்லது நீ கண்ணை மூடிய இந்தப் பதினொரு மாதத்தில் என் மூக்குதான் இப்படிப் பழகிவிட்டதா, தெரியவில்லை. படத்தில் என் நெற்றியில் நீ வைத்த குங்குமம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. சிரிப்பு வந்தது. அன்றைக்கு வரவில்லை.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். ஒரு கடிதத்துக்கு மூன்று போட்டோ கொப்பி எடுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதல் பிரசவத்துக்கு மெல்பேர்ன் போகவேண்டும் என்றானதும் விசாத் தாள், பிறப்புச் சாட்சிப் பத்திரம், மகளின் அழைப்புக் கடிதம், டொக்டர் எழுதிய உன் பிரஷர் மாத்திரைத் துண்டு எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு முன்பே கோத்துவிட்டேன். நாம் மகளைப் பார்க்கப் போகிறோமா, கோர்ட்டுக்குப் போகிறோமா என்று கேட்டாய்.

குண்டசாலையில் நம் வீட்டில் சோதனைக்கு ஒத்திகை வேறு நடத்தினேன். விமான நிலையத்துத் தட்டுக்குப் பதில் சுளகு. போன், சாவி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு நீ அறை வாசலைத் தாண்டவேண்டும். நாலு தரம் நடக்கவைத்தேன். கண்ணாடி வளையலை மட்டும் கழற்றமாட்டேன் என்று நின்றாய். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நீ வளையலோடு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாய். பெல்ட்டைக் கழற்ற மறந்து, மெஷின் கத்த, கைகளை விரித்துக்கொண்டு நின்றவன் நான்தான். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய்.

அந்தச் சிரிப்பு டிக்கெட் கவுண்டர் வரைக்கும்தான். அங்கிருந்த பெண் உன் பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்தாள், சரியாக இருந்தது. என்னுடையதைத் திறந்தவள் அப்படியே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அன்று காலை நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ இரண்டையும் பைலிலிருந்து உருவி, வீட்டுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். உன்னுடையதற்கு அட்டையில் ஒரு புள்ளி. என்னுடையதற்கு உள்ளே, படத்தின் நெற்றியில், ஈரச் சந்தனமும் குங்குமமும். மூடிவைத்ததில் அது பரவி, மேல்தாள் உரிந்து, கீழே இருந்த எழுத்தெல்லாம் கலைந்துபோயிருந்தது. மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அம்மா போகலாம், ஐயா புதிது எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னார்.

மகளுக்கு அன்றிலிருந்து நாலாம் நாள் பிரசவ ஒப்பரேஷன். மருமகனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் திரும்பிப் போவோம், பிறகு சேர்ந்து வருவோம் என்றுதான் நான் சொன்னேன். தனியாகக் கண்டி டவுனுக்குக்கூடப் போகாதவள் நீ. பைலிலிருந்து உன் தாள்களை மட்டும் பிரித்து எடுத்தாய்.

"புள்ள அங்க தனியா கெடக்குதுங்க. நான் போறேன். நீங்க வேற புத்தகம் எடுத்துக்கிட்டு வாங்க."

உன் மூடத்தனத்தால் என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டாய் என்றேன், வரிசையில் நின்றவர்கள் கேட்க. அந்தச் சொல்லுக்கு நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் பண்ணிய அன்று பேத்தி பிறந்திருந்தாள். இரண்டு விமானம் மாறிப் போனவள், ஏதோ பக்கத்து லயத்து வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரிப் பேசினாய். நான் பிள்ளையின் நிறையைக் கேட்கவில்லை, மகளைப் பற்றிக் கேட்கவில்லை. உனக்கு அட்டையில் ஒரு புள்ளியோடு விட்டவள், எனக்கு மட்டும் ஏன் உள்ளே திறந்து அவ்வளவு அப்பினாய் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தாங்க பயம் கூட," என்றாய். "மூணு மூணு கொப்பி எடுக்கறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அதான் ஒங்களுக்குக் கொஞ்சம் கூட வேண்டிக்கிட்டேன்."

நான் போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயத்தைப் பொறுப்பு என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனேஜர் துரையும் நம்பினார், தோட்டமும் நம்பியது. நீ கல்யாணமான நாளிலிருந்தே நம்பவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தரமும் யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் புது பாஸ்போர்ட்டோடு நான் மெல்பேர்னில் இறங்கியபோது அந்தப் பக்கம் கதவடியில் நீ நின்றாய், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு. இந்தத் தரம் மகள் நிற்பாள். எல்லாம் ரெடி, நீ கவலைப்படாதே என்று நேற்று அவளிடம் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.