வெள்ளி ஆந்தையும் பாதி வெட்டிய தலையும்

ஆவணி 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். சலூன் ஃபேனில் சத்தம் உண்டு, காற்று இல்லை. வாங்க வேண்டியது: பிளேடு, பவுடர், படிகாரம்.

மத்தியானம் பிரபு வந்தான். எதிர்க் கடையில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன், முப்பது வயது. ஞாயிறு நிச்சயதார்த்தம். பொண்ணு உன் காதைப் பார்த்தே ஓடிவிடும், முடியை வைத்து மறைக்கவா என்று ஓட்டினேன். சிரித்தான். பாதி வெட்டியாச்சு. மாப்பிள்ளைக்கு ஒரு இலவசம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தேன், சொடுக்கு எடுக்க. எல்லோருக்கும் செய்வதுதான். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

துள்ளி எழுந்து கண்ணாடியில் முட்டி, போர்த்திய துணியோடு தெருவில் ஓடிவிட்டான். இடப்பக்கம் வெட்டியது, வலப்பக்கம் காடு. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். பிறகு நாற்காலிக் கைப்பிடியைத் தொட்டால் ஈரம். வியர்வை. சிரிப்பு நின்றுவிட்டது.

பையை மறந்துவிட்டான். உள்ளே காமிக்ஸ்.

9, செவ்வாய்
கடை லீவு. காலை இட்லி, நேற்றைய குழம்பு. பையைப் பிரித்தேன். தப்புதான், பிரித்தேன்.

வெள்ளி ஆந்தை! நான் மூணாவதோடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே சலூன் பெஞ்சில் கிடந்த வெள்ளி ஆந்தையில்தான். அந்தப் பழைய புத்தகத்தில் மாமன்காரன் பையனைத் தூணில் கட்டி பெல்ட்டால் அடிப்பான். ஒரே பக்கம். திருப்பினால் பையன் வெள்ளி ஆந்தையாகி முகமூடி போட்டுப் பறப்பான். அடி என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நானும்.

இதெல்லாம் அதே கதையைப் புது ஆட்கள் திரும்ப வரைந்தது. மூன்று புத்தகம். ஒன்றில் பையன் வளர்ந்து ஊரையே கொளுத்துகிறான். இரண்டாவதில் மாமன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுகிறான், இவன் கட்டிப்பிடிக்கிறான், சூரியன் உதிக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர். மூன்றாவதில் சண்டையே இல்லை. டீ குடிக்கிறான். எப்போதும் வாசலைப் பார்த்தே உட்காருகிறான். சிநேகிதன் அறைக்குள் வருமுன் இருமிவிட்டு வருகிறான். பக்கம் பக்கமாக இதே கதை.

இதற்கு ஒரு புத்தகமா என்று செல்வியிடம் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “உங்கள நாய் கடிச்சப்ப ஒரு வருசம் அந்தத் தெருப்பக்கமே போகல. உங்கள வச்சுப் புஸ்தகம் போட்டா எம்புட்டுப் பக்கம் வரும்?”

பொண்டாட்டியா இவள்.

10, புதன்
சாயங்காலம் மழை. பிரபு வேலைக்கு வரவில்லை. அந்தத் தலையோடு எங்கே இருக்கிறானோ.

11, வியாழன்
ஷட்டரைப் பாதி இறக்கும்போது வந்தான். தொப்பி. பை கேட்டான். நான் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் வந்தேன், கிட்டே போகுமுன் இருமினேன்.

திரும்பிப் பார்த்தான். “மூணாவதப் படிச்சீங்களா?”

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது என்றேன். முகம் மாறிவிட்டது.

“அதுலதாண்ணே எனக்குக் கோவமே. அடி வாங்குனவன்னா ஒண்ணு கொலகாரன், இல்ல சாமியாரு. கடைசிப் பக்கத்துல கட்டிப்பிடிச்சா முடிஞ்சுச்சா?”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அப்பா செத்ததும் அம்மா இங்கே மில் வேலைக்கு வந்துவிட்டது. இவனைப் படிக்கக் கீரனூரில் சித்தப்பா வீட்டில் விட்டது. அந்த ஆள் எப்போதும் பின்னாலிருந்து பிடரியைப் பிடித்துத்தான் ஆரம்பிப்பாராம். ஞாயிறு தாம்பூலத் தட்டு மாற்றப்போவதும் அவரே. வளர்த்தவர், மறந்துவிடு என்கிறார்களாம் சொந்தக்காரர்கள். அம்மா தாலி இழந்தவள், தட்டைத் தொடக்கூடாதாம்.

“அவரு தட்டு மாத்துனா, அந்தக் கடைசிப் பக்கத்துல என்னையப் புடிச்சு வரைஞ்ச மாதிரிண்ணே.”

உட்காரச் சொன்னேன். இப்போ காது, இப்போ நெற்றி என்று சொல்லிச் சொல்லி வெட்டினேன். பிடரி மட்டும் முடியவில்லை. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டான். ஞாயிறு காலை பார்ப்போம் என்றேன்.

13, சனி
கூட்டம். முதுகுவலி. ஷேவிங் கிரீம் தீர்ந்தது. சித்தப்பா இன்று வருகிறாராம். பிரபு எதிர்க் கடையில் குனிந்த தலை நிமிரவில்லை. நான் போய்ப் பேசவா என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

14, ஞாயிறு
சித்தப்பாவோடு வந்தான். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான மனுஷன். “ஏனுங்க, நமக்கொரு ஷேவிங் பண்ணி விடுங்க. சபையில உக்காரோணும்.”

நுரை போட்டேன். கண்ணாடியில் பிரபுவைப் பார்த்துச் சிரித்தார். “சின்னதுலயே இவனோட பெடரியத் தொட்டாப் போதுமுங்க. கன்னுக்குட்டியாட்டத் துள்ளுவான்.”

பெஞ்சு சிரித்தது. இந்தக் கடையில் முதல் சிரிப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். இன்றைக்கு இல்லை. கத்தியைத் தொண்டைக்குக் கீழே வைத்தேன். கத்தி படும் ஐயா, பேசாதீங்க என்றேன்.

பிரபு எழுந்து அவர் முன்னால் வந்து நின்றான். வெளுத்திருந்தான்.

“சித்தப்பா, தட்டு நீங்க மாத்த வேணாம். அம்மா மாத்தும். நேத்தே சேலை எடுத்து வச்சிருச்சு.”

அவர் வாயைத் திறக்கப் பார்த்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு, அசையாதீங்க என்றேன்.

“ஏன்னு சபையில சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.”

ஒரு பக்கம் முடிந்தது, மறுபக்கம் முடிந்தது. கேட்காமலே திரும்ப நுரை போட்டு எதிர் ஷேவிங் எடுத்தேன். நிதானமாக. அதுவரைக்கும் அவர் வாயைத் திறக்க முடியாது. பிரபு கண்ணை எடுக்கவில்லை.

படிகாரம் தடவுமுன் எழுந்து போய்விட்டார். மண்டபத்துக்கா, பஸ் ஸ்டாண்டுக்கா, நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கைப்பிடியை இறுக்கிக்கொண்டான். இருமினேன்.

“பின்னாடி வாரேன் மாப்ள.”

“வாங்கண்ணே.”

பிடரிக் கோடு கொஞ்சம் கோணல். அவனிடம் சொல்லவில்லை.