முதற்கல் வைத்த அரசி

பாளையங்கோட்டை,
14 ஆகஸ்டு 1911.

அன்பு மகனே,

உன் அப்பா எழுதிய அணைக்கட்டு வரலாற்றை இப்போது அச்சுக்குக் கொடுக்காதே.

நீ சாட்சியாக நம்பியிருக்கும் பழைய ஏட்டை, அப்பாவின் சிநேகிதர் பூதலிங்கம் நேற்றுக் கொண்டுவந்தார்.

"பையத் தொடுங்கம்மா, எங்க பூட்டன் எழுதுனது, உதிர்ந்துரும்."

"உம்முடைய பூட்டன் என் நோட்டைப் பார்த்தா எழுதினார்?"

"என்னம்மா இப்படிச் சொல்லுதீய!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரணத்தோடுதான் கேட்டேன். கல்யாணமான புதிதில், அப்பா தேடியெடுத்த சுவடியை நோட்டில் பெயர்த்தெழுதியவள் நான். ஓரிடத்தில் நான்கு வரிகளைப் பூச்சி தின்றிருந்தது. நான் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியில் காலியிடம் விட்டால் அடி விழும்; அந்தப் பழக்கம். அரசியே முதற்கல்லைச் சுமந்துவந்து வைத்தாள் என்று நானே எழுதி நிரப்பினேன். அதே வாக்கியம் பூதலிங்கத்தின் ஏட்டிலும் இருக்கிறது. அந்த நோட்டை அப்பா அவருக்கு ஒரு வருஷம் இரவல் கொடுத்திருந்தார்.

அப்பா அந்த அரசிக்காக ஓர் அத்தியாயமே எழுதினார். சாகும்வரை அவளை மெச்சினார். நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

அத்தியாயத்தை எடுத்துவிடு. முகவுரையில் காரணத்தைச் சொல். பொய் எழுதியவர்களில் பூதலிங்கத்தின் பெயருக்கு முன்னால் என் பெயர் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா.