சுவிட்ச் இல்லாத விளக்கு

தோழிக்கு,

முதலில் ஒரு திருத்தம். பத்துக் கன்னியர் நாடகத்தில் என் விளக்கு அணைந்துபோயிற்று என்றும், நீ உன் வெளிச்சத்தை எனக்குப் பங்கிட்டுக் கொடுத்தாய் என்றும் சபையில் சொல்கிறார்கள். உன் அடக்க ஆராதனையில் போதகர் அதைப் பிரசங்கமாகவே ஆக்கிவிட்டார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன், உன் சவப்பெட்டிக்கு முன்னால் வேறென்ன செய்வது? ஆனால் நடந்தது அது அல்ல. என் கையில் அணைந்தது உன்னுடைய விளக்கு. உன் கையில் கடைசிவரை எரிந்தது என்னுடையது.

அந்த விளக்கு இப்போது என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. உன் மகள் ஷீலா ஒரு பூத்துவாலையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"ஆன்ட்டி, இதுக்கு பல்ப் எங்கயுமே கிடைக்கல. எல்இடி போட்டுக் குடுப்பீங்களா? கிறிஸ்மஸ் ப்ரோக்ராம்ல மேடையில வைக்கப் போறாங்க. 'பகிர்ந்த வெளிச்சம்'னு பேர் போட்டு."

என் கை இன்னும் நடுங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சரி என்றேன். நேற்றுக் காலை கருத்துப்போன பழைய பல்பைக் கழற்றிவிட்டுக் கம்பிகளில் ஈயம் வைத்தேன். ஈயம் உருகும் அந்த வாசனை வந்ததும் உன் குரல் கேட்டது. "மூக்கைப் பொத்திக்கோடீ, ஒரேயடியா பரலோகம் போயிடப் போறோம்."

அறுபதுகளின் பின்பாதி. கிழக்குத் தாம்பரத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறுதான். நான் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். நீ தினமும் ரயிலேறிப் பாரிமுனைக்கு டைப் அடிக்கப் போனாய். மாலையில் நீ ஸ்டேஷனிலிருந்து வரும்போதே சத்தம் கேட்கும். யாருடனாவது சிரித்துக்கொண்டே வருவாய். நான் சிரிக்காதவள் என்பதால் எனக்கும் சேர்த்து நீ சிரிப்பதாகச் சொல்வாய்.

அந்த வருஷம் போதகரம்மா பெண்கள் சங்கத்தை வைத்து நாடகம் போட்டார். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கப் போகும் பத்துப் பெண்கள். ஐந்து பேர் கூடுதல் எண்ணெய் எடுத்துப்போன புத்தியுள்ளவர்கள். ஐந்து பேர் எடுத்துப்போகாதவர்கள். இந்த ஐவரின் விளக்கும் மேடையில் ஒரே நேரத்தில் அணைய வேண்டும். "எல்லாரும் நைலக்ஸ் புடவை கட்டிக்கிட்டு நிப்பீங்க. நெருப்பு வேணாம்மா, நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று போதகரம்மா சொல்லிவிட்டார். ஆகவே மின்சார விளக்கு. ஆகவே நான்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அகல் வாங்கினோம். பென்டார்ச்சுக்குப் போடும் சின்ன செல் இரண்டு அகலின் குழிவில் பக்கம்பக்கமாகப் படுத்தன. அகலின் மூக்கில் பல்ப். அடியில் ஒரு மரத்துண்டை ஒட்டினேன். புத்தியில்லாத ஐவரின் விளக்கில் மட்டும் அந்த மரத்தில் இரண்டு டிராயிங் பின், அவற்றை இணைக்க ஒரு கொண்டை ஊசி. கட்டைவிரலால் ஊசியை நகர்த்தினால் இணைப்பு விட்டுப்போகும், விளக்கு அணையும். மற்ற ஐந்தில் சுவிட்சே கிடையாது. அணையக் கூடாத விளக்குக்குச் சுவிட்ச் எதற்கு? கம்பியை நேராகப் பற்றவைத்துவிட்டேன். செல்லைப் போட்டால் எரியும், எடுத்தால்தான் அணையும். பத்துக்கும் அடியில் ஒரே மாதிரி ஜரிகைத் துணி சுற்றியதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எந்த விளக்கு எந்த வகை என்பது இரண்டே பேருக்குத் தெரியும். நான் பற்றவைக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நீ.

வேஷம் பிரித்ததும் நான்தான். உன்னைப் புத்தியில்லாதவர்களில் முதலாவதாக வைத்தேன். நம்மில் நிஜமாக அழத் தெரிந்தவள் நீ ஒருத்தி. கல்யாண வீட்டுக் கதவு அந்த ஐவர் முகத்தில் சாத்தப்படும்போது யாராவது அழ வேண்டுமே. நீ கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"பல்லாவரத்துக்காரங்க நாடகத்துல என்னைப் பொண்ணு பார்க்க வராங்கடீ. மாப்பிள்ளையோட அம்மா முன்னாடி நான் புத்தியில்லாதவளா நிக்கணுமா?"

"அது வேஷம்."

"உனக்கு மட்டும் ஏன் புத்தியுள்ள வேஷம்?"

"எனக்கு அழ வராது."

"அது என்னவோ வாஸ்தவம்," என்று சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாய். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். நான் பிரித்த வேஷம் சரியானது. இன்றும் அப்படித்தான் பிரிப்பேன்.

நாடகத்தன்று மேடைக்குப் பக்கத்து அறையில் நான் பத்துப் பேருக்கும் முக்காடு குத்திக்கொண்டிருந்தேன். விளக்குகளைப் பெஞ்சில் இரண்டு வரிசையாக வைத்திருந்தேன். முன்வரிசை சுவிட்ச் இல்லாதது, பின்வரிசை சுவிட்ச் உள்ளது. "நீ முக்காட்டைப் பாரு, விளக்கை நான் குடுக்கறேன்," என்றாய். ஒவ்வொருத்தி கையிலும் எரியும் விளக்கைக் கொடுத்துக்கொண்டே வந்தாய். என்னிடம் வந்தபோது என் வாயில் ஊக்கு. "இந்தாடீ, உன்னோடது." வாங்கிக்கொண்டேன். கான்வென்ட்டில் எங்கள் மதர் எதையும் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பார். உன் கையிலிருந்து வாங்குவதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு மேடை. பல்லாவரத்து அம்மாள் முதல் வரிசையில், மாம்பழக் கலர்ப் பட்டில். விளக்கணையும் இடம் வந்தது. நால்வரின் கட்டைவிரல் நகர்ந்தது, நான்கு விளக்கு அணைந்தது. உன்னுடையது எரிந்துகொண்டே இருந்தது. உன்னைப் பார்த்தேன். திகைப்பில் என் பிடி இறுகியது. விரலுக்கடியில் ஜரிகைத் துணிக்குள் ஏதோ வழுக்கியது. கொண்டை ஊசி. அது கழன்று துணியிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததைக் கேட்டேன். என் விளக்கு இருட்டாயிற்று.

அடுத்த வசனம் என்னுடையது. எண்ணெய் கேட்டு வரும் உன்னிடம், தர முடியாது, கடைக்குப் போய் வாங்கிக்கொள் என்று நான் சொல்ல வேண்டும். அணைந்த விளக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீ என் பக்கத்தில் வந்தாய். என் தோளை அணைத்து, எரியும் விளக்கை நம் இருவர் முகத்துக்கும் நடுவே பிடித்து, நாடகத்திலேயே இல்லாத ஒரு வசனத்தைச் சொன்னாய். "சகோதரி, உன் விளக்கு அணைந்ததோ? வா, என் வெளிச்சத்தில் நட." என் காதில் மட்டும், "பேசாம என்கூட வாடீ."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. போதகர் எழுந்து நின்று தட்டினார். பல்லாவரத்து அம்மாள் போதகரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு இரக்கமுள்ள பொண்ணு எங்க கிடைக்கும்?" என்றார். அந்த வாரமே பாக்கு மாற்றினார்கள். என்னிடம் போதகரம்மா சொன்னது, "பரவாயில்லம்மா, அடுத்த தடவ கொஞ்சம் கவனமா செய்."

கவனமாக! என்னிடம்!

உன் கல்யாணத்துக்கு முன் வாயைத் திறந்தால் அது நின்றுபோகலாம். அதனால் பேசவில்லை. கல்யாணத்தன்று உன் தலையை வாரிக் கொண்டையில் ஊசி செருகியவள் நான். கண்ணாடியில் நீ என்னைப் பார்த்தாய். இப்போது சொல்வாய் என்று நினைத்தேன். "இழுக்காதடீ, வலிக்குது," என்றாய்.

அதன் பிறகும் காத்திருந்தேன். இதை நான் சொன்னால் பொறாமைக்காரியின் குற்றச்சாட்டு. நீ சொன்னால்தான் அது உண்மை. எழுபதுகளில் எனக்கும் கல்யாணமாயிற்று, நீயும் குழந்தைகளோடு தாம்பரத்துக்கே குடிவந்தாய். கரண்ட் போகும்போதெல்லாம் என் கணவர், "நம்ம புத்தியுள்ள கன்னி எங்கப்பா? விளக்கு அணைஞ்சுபோச்சாம்!" என்பார். ஒருநாள் நீயும் எங்கள் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அவர் சொன்னதும் நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "விடுங்கண்ணா, பாவம் அவ. நான் இருக்கேன்ல," என்று எழுந்து போய் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாய். அந்த மெழுகுவத்தியை நான் மன்னிக்கவில்லை. விளக்கைக்கூட மன்னித்திருப்பேன். என் கணவர் சாகும்வரை அந்தக் கதையை உண்மை என்றே நம்பிச் சிரித்தார்.

ஆனாலும் உனக்காக ஒரு வழியைத் திறந்தே வைத்திருந்தேன். அறையில் அரைகுறை வெளிச்சம், பத்துப் பேர் கூச்சல், கை மாறியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு விஷயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. விளக்கணைக்கும் இடத்தில் நால்வரின் கட்டைவிரல் அசைந்தது. உன் விரல் அசையவே இல்லை. சுவிட்சைத் தேடித் தடவிப் பார்க்கக்கூட இல்லை. பயத்தில் மறந்திருப்பாள் என்று அதையும் ஒதுக்கினேன். எத்தனை வருஷம் ஒதுக்கினேன்!

நேற்று மாலை ஷீலா வந்தாள். எல்இடிக்கு நெடுங்கால் எது, குறுங்கால் எது என்று பார்த்து வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் எரியாது. நம் டார்ச் பல்புக்கு அந்தப் பேதமெல்லாம் இல்லை. கூட ஒரு சின்ன ரெசிஸ்டரும் வைத்து முடித்திருந்தேன். பேச்சுக்கு, "ஒரு சுவிட்ச் வைக்கட்டுமாம்மா?" என்றேன்.

"ஐயோ வேணாம் ஆன்ட்டி! அம்மா விடவே மாட்டாங்க. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு ஏத்துவாங்க, அணைக்கணும்னா செல்லைக் கழட்டுவாங்க. ஒரு தடவ நான் சுவிட்ச் வெச்சுத் தரேன்னேன். 'அந்த அஞ்சுல சுவிட்ச் கிடையாதுடீ'ன்னாங்க. எந்த அஞ்சும்மான்னு கேட்டா, சிரிச்சுட்டாங்க."

அவள் போன பிறகு விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மரத்துண்டில் பின் குத்திய தடம் இல்லை. நான் வைத்த ஈயப் பற்று அப்படியே இருக்கிறது. ஓரிடத்தில் கம்பி விட்டுப்போய் நீ திரும்பப் பற்றவைத்திருக்கிறாய், நான் செய்வது போலவே, ஈயத்தைத் துளிகூட வழியவிடாமல். என் விளக்கை எடுத்தாய். அதை என்னைவிட நன்றாக வைத்துக்கொண்டாய். என் விளக்கு என்று தெரிந்தே வைத்துக்கொண்டாய்.

எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யார் எதைக் கொடுத்தாலும் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். மருந்துக் கடையில், பேத்தி கொண்டுவரும் பரிசுப் பொருளில், நற்கருணைத் தட்டு வரும்போதுகூட ஒரு கணம். என் விரல் அந்தக் கொண்டை ஊசியைத் தேடுகிறது. மருமகள் இதை வயசு என்கிறாள். அவளுக்கும் இது ஒரு திருத்தம்.

உன்னால் இனிப் பதில் எழுத முடியாது. அதனால் இந்த மடலின் படி ஒன்றை ஷீலாவுக்கு அனுப்புகிறேன். விளக்கு தயார், சுவிட்ச் வைக்கவில்லை. அவள் பதில் எதுவானாலும் அதை மேடைக்குத் தருவேன். அதன் கீழே என்ன எழுதி வைப்பது என்பதுதான் பாக்கி.

ஷீலா, கேட்பது ஒன்றே ஒன்று. இது யாருடைய விளக்கு என்று உன் அம்மா யாரிடமாவது, ஒரு தடவையாவது சொன்னாளா? போன் வேண்டாம். உன் கையால் எழுதி எனக்குப் பதில் அனுப்பு.